நீத்துப்பெட்டிக்கு நுனி உண்டு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழ் சில வாரங்களாக, சிறுவயதில் உண்டவற்றைப் பற்றி வாசகர்கள் எழுதும் கவிதைகளுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கி வருகிறது. அரசியல் அறிக்கைகளும் மரண அறிவித்தல்களும் விளம்பரங்களும் நெருக்கியடிக்கும் ஒரு பத்திரிகையில் கூழுக்கும் பிட்டுக்கும் இவ்வளவு இடம் கிடைத்தது பெரிய காரியம். அதற்கு என் நன்றி. நன்றி சொன்ன கையோடு ஒரு முறைப்பாட்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பரீட்சைக்குப் படிப்பவர்களும் வருவார்கள், கவிதை எழுதிப் பார்க்க ஆசைப்படுபவர்களும் வருவார்கள். எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒருத்தியின் கவிதையைத் தாங்கள் வெளியிட்டிருந்தீர்கள். அவள் எழுதி அனுப்பியது இதுதான்:

தட்டில் கவிழ்த்தாள் அம்மம்மா.
நீத்துப்பெட்டியைத் தூக்க
ஒரு வெள்ளை மலை.
நுனி எனக்கு என்று
நான் கை நீட்டுமுன்
தம்பியின் வாயில்
மலையின் உச்சி.

அச்சில் வந்தபோது 'நீத்துப்பெட்டி' இருந்த இடத்தில் 'பிட்டுக் குழல்' இருந்தது. நீத்துப்பெட்டி என்றால் வெளியூர் வாசகருக்கு விளங்காது என்று உங்கள் உதவி ஆசிரியர்களில் ஒருவர் நல்லெண்ணத்தோடு மாற்றியிருக்கக்கூடும். ஆனால் நீத்துப்பெட்டி பனையோலையில் கூம்பாகப் பின்னப்படுவது. அதன் கூர்முனை கீழே பார்க்கும்படி பானை வாயில் செருகி வைப்பார்கள். ஆவி முதலில் ஏறுவது அந்த முனையில்தான். அவிந்த பிறகு தட்டில் கவிழ்த்தால் பிட்டு மலைபோல நிற்கும். நன்றாக அவிந்து தேங்காய்ப்பூவோடு ஊறிக் கிடந்த நுனி இப்போது உச்சியில் இருக்கும். அதற்குத்தான் வீட்டுப் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். குழலில் அவித்த பிட்டு உருளையாக வரும். உருளைக்கு நுனி ஏது? நுனி இல்லையென்றால் சண்டை ஏது? சண்டை இல்லையென்றால் அந்தக் கவிதையில் மிச்சம் என்ன?

அந்தப் பிள்ளை வாசிகசாலை மேசையில் பத்திரிகையை விரித்து ஒரு தரம் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எங்கள் வீட்டில் குழல் இல்லையே, டீச்சர்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கவிதையை அவள் எழுதியபடியே மறுபடி வெளியிடும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய கையெழுத்துப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஒரு சொல் மாறிய சங்கதி மட்டும் என்றால் தொலைபேசியில் சொல்லி முடித்திருப்பேன். இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது அந்தப் பக்கத்தில் வந்த மற்றக் கவிதைகள். பெரும்பாலானவற்றில் அம்மாவின் கைமணம் இருக்கிறது. அன்பு குழைத்த சோறு இருக்கிறது. அமுதம் இருக்கிறது. இனித் திரும்பாத பொற்காலம் இருக்கிறது. சாப்பாட்டைத்தான் காணவில்லை. என்ன அரிசி, எந்தச் சட்டி, அடுப்பில் எரிந்தது பனைமட்டையா பொச்சுமட்டையா, பந்தியில் யார் கடைசி, எது போதாமல் போயிற்று, ஒன்றும் இல்லை. கீழே இருக்கும் பெயரையும் ஊரையும் கையால் மறைத்துக்கொண்டு படித்தால், எழுதியவர் ஊர்காவற்றுறையா உருத்திரபுரமா என்று எவராலும் சொல்ல முடியாது. எழுதியவர்களின் உணர்ச்சி மெய்யானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களுக்குள் அந்தச் சட்டியும் அடுப்பும் இருக்கின்றன. அவற்றைத் தாளில் இறக்கி வைக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தாங்கள் சொல்லலாம். தங்களிடம் அந்தப் பக்கம் இருக்கிறது.

இது நாம் வெளியிலிருந்து கற்க வேண்டிய வித்தையும் அல்ல. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். 'ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை' என்ற அவருடைய பாட்டை இங்கே தமிழ் படித்த எவரும் தூக்கத்தில் கேட்டாலும் பாடிவிடுவார். பாடிப் பாடிப் பழகியதால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டோம். இன்னொரு தரம் எடுத்துப் பாருங்கள். ஆனந்தம் என்றுதான் பாட்டுத் தொடங்குகிறது. தொடங்கிய சூட்டோடு குசினிக்குள் போய்விடுகிறது. பயற்றை வறுத்துக் குத்துகிறார்கள். அரிசியை இடித்துத் தெள்ளுகிறார்கள். தேங்காயை உடைத்துத் துருவுகிறார்கள். மாவைக் குழைத்துத் திரட்டி, கிள்ளித் தட்டி, உள்ளே இனிப்பை வைத்துக் கொழுக்கட்டை அவிக்கிறார்கள். கூழுக்குத் தேங்காய்ப் பால் பிழிந்து பனங்கட்டி போடுகிறார்கள். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி வந்து கோலிக்கொள்கிறார்கள், தாய் அகப்பையால் அள்ளி வார்க்கிறாள். அந்தப் பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆடிக்கூழ் காய்ச்சிவிடலாம். வினைச்சொல்லுக்குமேல் வினைச்சொல்லாக அடுக்கிக்கொண்டு போகிறார் புலவர். தாயின் அன்பைப் பற்றி ஒரு வரி தனியாக எழுதவில்லை. மாவை வறுத்த பதத்திலும் வார்த்த அகப்பையிலும் அந்த அன்பு முழுவதும் வந்துவிட்டது. இன்று ஆடிப்பிறப்புக்குப் பாடசாலை விடுமுறை இல்லை. பல வீடுகளில் கூழும் இல்லை. பாட்டு இருப்பதால் செய்முறை அழியாமல் இருக்கிறது.

என் வகுப்பில் நான் செய்வதையும் சொல்கிறேன், வேறு ஆசிரியர்களுக்கு உதவினாலும் உதவும். கவிதை எழுது என்று நான் தொடங்குவதில்லை. உங்கள் வீட்டில் பிட்டுக்கு மாக் குழைப்பது யார் என்று கேட்பேன். சுடுதண்ணீரா, கொதிதண்ணீரா? அகப்பைக் காம்பால் கிளறுவாரா, கையை வைப்பாரா? எதனால் கொத்துவார்? இந்த இடத்தில் வகுப்பு கலகலக்கும். ஒரு வீட்டில் அரிசி அளக்கும் சுண்டு, ஒரு வீட்டில் மூடி கழற்றிய பால்மாப் பேணி, ஒரு வீட்டில் தாத்தாவின் பழைய தேநீர்க் குவளை. விடியற்காலையில் அந்தப் பேணியின் விளிம்பு மாவைக் கொத்தும் சத்தம் கேட்டுத்தான் தான் எழும்புவதாக ஒரு பையன் சொன்னான். சத்தம் நின்றுவிட்டால் மா பிட்டுக் குருணியாகிவிட்டது என்று பொருள், இன்னும் ஒரு கால் மணி நேரம் படுத்திருக்கலாம் என்றான். "அதை அப்படியே எழுது" என்றேன். "இது கவிதையா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவனுக்குள் யார் வைத்தார்கள் என்று நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. பாடப்புத்தகமும் பேச்சுப் போட்டியும், மன்னிக்க வேண்டும், பத்திரிகைகளும் சேர்ந்து வைத்தவைதான். கவிதை என்றால் நிலா, மழை, தாய்மை, தியாகம் என்று பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். பால்மாப் பேணிக்கு அதில் இடமில்லை என்று அவர்களாகவே ஒதுக்கிவிடுகிறார்கள்.

என் அம்மா ஒடியல் கூழ் காய்ச்சுவார். ஒடியல் மாவை, அதாவது காய்ந்த பனங்கிழங்கின் மாவை, தண்ணீரில் ஊற வைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்து ஊற்ற வேண்டும், இல்லையென்றால் கூழ் கசக்கும். பானையில் ஒரு கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு. ஐயா பருத்தித்துறைச் சந்தையிலிருந்து சைக்கிளில் கொண்டு வந்த மீன் தலைகள், சின்ன நண்டு, கிடைத்தால் இறால். செத்தல் மிளகாயும் மஞ்சளும் அம்மியில் அரைபட்டு வரும். புளி கரைத்து விடுவார். கரைத்த ஒடியல் மா கடைசியில்தான் போகும், போன பிறகு அகப்பை நிற்கக்கூடாது. கூழ் தடித்து வரும்போது இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஊதி, நக்கிப் பார்ப்பார். அப்போது அவர் கண் கூழில் இருக்காது, பானையில் இருக்காது. வாசலுக்கு வெளியே கிணற்றடி வாழையில் நிலைத்து நிற்கும். எங்கள் யாரையும் அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. பிறகு "புளி காணாது" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் பானையை இறக்குவார். அதைப் பற்றி நான் எழுதியபோது வாழையைத்தான் முதலில் எழுதினேன். கூழ் அதற்குப் பிறகுதான் வந்தது. உணவைப் பற்றிய நினைவு நாக்கில் மட்டும் இருப்பதில்லை என்பதை எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள். அது கண் போன திசையில் இருக்கும், முழங்கால் சுட்ட சீமெந்துத் தரையில் இருக்கும், பக்கத்தில் இருந்து நண்டுக்காலை உறிஞ்சிய அண்ணனின் சத்தத்தில் இருக்கும்.

அந்தக் கூழ் அன்று எங்களுக்கு விருந்து அல்ல என்பதையும் எழுத வேண்டும். இன்று யாழ்ப்பாணக் கூழ் என்று பலகை எழுதி வைத்து விற்கிறார்கள், சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 1973, 74இல் கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நான் பாவாடை சட்டையோடு பாண் கியூவில் நின்ற பிள்ளை. விடியுமுன் போய் நின்றாலும் கதவடைக்கும்போது கை வெறுமையாக இருந்த நாட்கள் உண்டு. அப்போதுதான் ஒடியலும் மரவள்ளியும் குரக்கனும் அடுக்களைக்குள் முழு நேரமாக வந்தன. இறக்குமதியைக் கட்டுப்படுத்திய அதே காலத்தில் எங்கள் பகுதி வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. தோட்டக்காரர் சிலர் கல்வீடு கட்டினார்கள். ஒரே ஊரில் ஒரு வீட்டில் புதுச் சுவர், பக்கத்து வீட்டில் பாண் இல்லாத காலை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த கவிதை ஒன்றையாவது உங்கள் பக்கத்தில் படிக்க ஆசைப்படுகிறேன். என் வயதுக்காரர்கள் எழுத வேண்டும். 1990இல் வடக்கில் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவர்கள், சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்ததையும், ஜாம் போத்தல் விளக்கின் கீழ் மீன் முள்ளைக் கண்ணால் தேட முடியாமல் விரலால் தேடியதையும் எழுத வேண்டும். இவற்றை ஏக்கத்தோடு எழுதினால் பொய்யாகிவிடும். பனங்கட்டித் தேநீர் ருசியாக இருந்தது, சீனி வராதது அநியாயமாக இருந்தது. இரண்டும் ஒரே குவளையில் இருந்தன.

இப்போது நான் சொல்லப்போவதற்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். என் வகுப்புக்கு வரும் இளம்பெண் ஒருவர் வன்னியிலிருந்து வந்தவர், 2009இல், போரின் இறுதி மாதங்களில், சிறு பிள்ளை. சிறுவயது உணவு என்று நான் தலைப்பைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். மற்றவர்கள் பணியாரத்தையும் பனங்காயையும் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, "எனக்குக் கஞ்சிதான் நினைவிருக்கிறது, டீச்சர். அதை எழுதலாமா?" என்று கேட்டார். முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று ஒவ்வொரு மே மாதமும் நாம் சந்தியில் காய்ச்சி வார்க்கும் அந்தக் கஞ்சி. அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. எழுதலாம் என்றேன். முதலில் அவர் எழுதி வந்ததில் கண்ணீரும் குருதியும் வரலாறும் இருந்தன, அவர் இல்லை. கையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். பேணி என்றார். யாருடைய பேணி? அக்காவுடையது, கைபிடி உடைந்தது. முன்னால் நின்றவர் யார்? தெரியாது, அவருடைய முதுகு தெரியும். அடுத்த கிழமை இதைக் கொண்டு வந்தார்:

அக்காவின் பேணியோடு நின்றேன்.
முன்னால் நின்ற முதுகு குனிந்தது.
எல்லோரும் குனிந்தோம்.
நிமிர்ந்தபோது
வரிசை குறைந்திருந்தது.
கஞ்சி
இன்னும் சூடாக இருந்தது.

வாசித்துவிட்டு என்னால் அன்று பாடம் நடத்த முடியவில்லை. இந்தக் கவிதைக்குத் தங்கள் பக்கத்தில் இடம் இருக்குமா என்று அவர் கேட்கிறார். இனிப்பான நினைவுகளுக்கு நடுவில் இது பொருந்தாது என்று நினைக்கிறார். இதுவும் ஒரு பிள்ளை வாங்கிக் குடித்த உணவுதான். பொருந்தும் என்று தாங்கள் அவருக்குச் சொல்ல வேண்டும்.

பசியை எழுதுவது தமிழுக்குப் புதிதும் அல்ல, இழுக்கும் அல்ல. சிறுபாணாற்றுப்படையை நான் உயர்தர வகுப்பில் பல காலம் படிப்பித்தேன். நல்லூர் நத்தத்தனார் அதில் ஒரு பாணன் வீட்டு அடுக்களையைக் காட்டுகிறார். கூரை இற்றுக் கிடக்கிறது, காளான் பூத்திருக்கிறது. ஈன்ற நாய் ஒன்று, கண் திறவாத குட்டிகள் பாலில்லாத மடியைப் பற்றி இழுப்பதைப் பொறுக்காமல் குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் அவிக்கிறாள். அக்கம்பக்கத்தார் கண்டுவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டு, சுற்றம் எல்லாரும் கூடி இருந்து தின்கிறார்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குமேல் ஆகியும் அந்த அடைத்த கதவு எனக்குத் தெரிகிறது. வறுமை கொடியது என்று புலவர் அங்கே நின்று சொல்லவில்லை. உப்பில்லை என்றார், கதவை அடைத்தாள் என்றார். பேணிக் கவிதையை எழுதிய பெண்ணுக்கு அந்த வரிகளை நான் வாசித்துக் காட்டினேன். "இவர்களும் வெட்கப்பட்டார்களா?" என்று கேட்டார்.

இன்னொன்றையும் எழுதாமல் முடித்தால் என் மனம் ஒப்பாது. நம் சிறுவயது உணவைப் பற்றி எழுதும்போது யாருக்கு எங்கே வார்க்கப்பட்டது என்பதை நாம் விழுங்கிவிடுகிறோம். எங்கள் வீட்டில் ஆடிக்கூழ் காய்ச்சும் நாளில் நாங்கள் பிள்ளைகள் திண்ணையில் இருந்து பலாவிலையில் குடித்தோம். எங்கள் வளவுப் பனைகளில் ஏறிக் கருப்பணி என்னும் பதநீரை இறக்கித் தருபவர், அந்தக் கூழுக்குரிய பனங்கட்டியே யாருடைய உழைப்பில் வந்ததோ அவர், வேலியோரம் குந்தியிருந்து குடித்தார். அவருக்கும் பலாவிலைதான். அவருடைய மகளுக்கு என் வயது. அவள் திண்ணையைப் பார்த்துக்கொண்டு குடித்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். அறுபதுகளின் பிற்பகுதியில், தேநீர்க் கடைகளில் மற்றவர்களோடு சமமாக இருந்து குடிக்கும் உரிமைக்காக இந்தக் குடாநாட்டில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மனிதர்கள் அடிபட்டுப் போராடினார்கள். நம் ஊர்களில் உணவைப் பற்றிய மிகப் பெரிய கதை அதுதான் என்பேன். அந்த மகள் இன்று எங்கோ பேரப்பிள்ளைகளோடு இருப்பாள். ஆடிக்கூழைப் பற்றி அவள் எழுதினால் அது என் கவிதைபோல இருக்காது. தங்கள் பக்கத்தில் திண்ணையில் இருந்தவர்களின் கவிதைகள் நிறைய வந்துவிட்டன. வேலியோரத்திலிருந்து பார்த்தவர்களைத் தேடிப் பிடித்து எழுதச் சொல்லுங்கள். தாமாக அனுப்பவில்லை என்றால் காரணம் நமக்குத் தெரிந்ததே.

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் அனுப்பும் கவிதைகளில் பனையும் முற்றமும் கிணற்றடியும் வருகின்றன. பாட்டி சொன்னதைக் கேட்டு எழுதியவை அவை, பாட்டியின் நினைவுகள். கனடாவில் இருக்கும் என் தங்கையின் பேத்தி அப்படித்தான் ஒன்று எழுதி எனக்கு அனுப்பினாள். உன் வீட்டில் கூழ் எப்படி வருகிறது என்று கேட்டேன். ஒடியல் மாப் பாக்கெட் தமிழ்க் கடையில் வாங்குவதாம், பாதியை டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் ஆழத்தில் வைப்பதாம், பக்கத்து வீட்டுக்காரர் மணத்தைப் பற்றிக் கேட்டுவிடுவார் என்று அம்மா பனியிலும் சன்னலைத் திறந்து வைப்பாராம். குளிருக்கு மேல்சட்டை போட்டுக்கொண்டு கூழ் குடிப்பார்களாம். பிள்ளாய், இதை எழுது என்றேன். திறந்த சன்னலையும் மேல்சட்டையையும் எழுது, பனையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

தங்களிடம் நான் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. கவிதை கேட்டு வெளியிடும் அறிவித்தலில், செய்த பாத்திரத்தையும் செய்த விதத்தையும் இருந்து உண்ட இடத்தையும் எழுதுமாறு ஒரு வரி சேருங்கள். ஊர்ச்சொல் வந்தால் மாற்றாதீர்கள். வாசகருக்கு விளங்காது என்று தோன்றினால் கவிதைக்குக் கீழே சிறிய எழுத்தில் விளக்கம் போடலாம், எழுதியவரிடம் கேட்டுப் போட வேண்டும். மூத்தவர்களுக்கு எழுதக் கை நடுங்கும். அவர்கள் சொல்லப் பிள்ளைகள் எழுதி அனுப்பலாம் என்று அறிவியுங்கள். எங்கள் வாசிகசாலையில் அதைத் தொடங்கிவிட்டோம். எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா, பிட்டுக்கு மாவறுக்கும் பதத்தைச் சொல்லத் தெரியாமல், வறுத்தால்தான் தெரியும் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கொப்பியோடு பிள்ளைகள் பின்னால் போனார்கள். மா சிவக்கக்கூடாது, பச்சை வாசமும் நிற்கக்கூடாது, கையில் எடுத்து உதறினால் ஒட்டாமல் ஓட வேண்டும் என்று வறுத்துக்கொண்டே சொன்னார். அந்தச் சொற்கள் அப்படியே ஒரு பையனின் கவிதையில் வந்திருக்கின்றன. அதையும் விரைவில் அனுப்புவோம்.

பனாட்டுப் போடத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் மிகச் சிலர்தான் இருக்கிறார்கள். பனம்பழத்தின் தோலை உரித்து, பிசைந்து களி எடுத்து, தும்பு போக வடித்து, பந்தலில் விரித்த பாயில் ஊற்றி, காய்ந்த படலத்தின்மேல் மறுபடி ஊற்றி ஊற்றிக் காய வைக்கும் வேலை அது. மழை இருட்டினால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். வருகிற ஆவணியில், பழம் விழத் தொடங்கியதும், அவர்களில் ஒருவருடைய வளவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். பார்த்து, கையை வைத்து, தின்று, பிறகு எழுதட்டும் என்பது திட்டம். தங்கள் ஞாயிறு இதழிலிருந்து ஒருவரை அனுப்ப முடிந்தால், முடிந்தால் பிட்டுக் குழல் என்று திருத்தியவரையே, அனுப்பி வையுங்கள். பிள்ளைகள் அவரைப் பார்க்க மிகவும் விரும்புகிறார்கள். காலையில் வெயில் ஏறுமுன் களி பிசையத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே ஆறு மணிக்கே வர வேண்டும். நல்ல உடுப்புப் போட வேண்டாம், பனங்களிக் கறை எளிதில் போகாது. எந்த நாள் என்பதை முன்கூட்டியே எழுதி அறிவிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
வடமராட்சி